பனிமலையில் பொம்பிளை பார்த்த நாள்

ஸ்கீ ஜக்கெற்றை அயன் பண்ணினால் உருகும். அதற்குள்ளே தைத்திருக்கிற துண்டில் அயன் பெட்டியின் படம் போட்டு, அதன் மேல் குறுக்காக வெட்டியும் விட்டிருக்கிறார்கள். என் அம்மாவுக்கு அந்தத் துண்டெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற இடத்துக்குக் கசங்கின உடுப்போடு போகக்கூடாது என்பது அவருடைய சட்டம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வேலையால் வந்தபோது என்னுடைய சிவப்பு ஜக்கெற்றின் முதுகில் அயன் பெட்டி அளவுக்கு ஓர் ஓட்டை. வீடு முழுக்க பிளாஸ்ரிக் எரிந்த மணம். அம்மா அதை என்னிடம் நீட்டி, துணி சரியில்லை, கடைக்காரன் உன்னை நல்லாய் ஏமாற்றிவிட்டான் என்றார்.

நான் ஆண்டுக்கு ஒரு நாள்தான் பனிச்சறுக்குக்குப் போகிறவள். பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவர்கள் பழக்கிவிட்டது. அவர்கள் எல்லோரும் பிள்ளை குட்டி என்று ஆனபிறகும் நான் விடவில்லை. குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மெல்பேர்னில் எங்கள் கிளென் வேவர்லியில் இருந்து விடிய முன்னம் காரை எடுத்தால் மூன்று மணித்தியாலத்தில் மலை. அந்த ஒரு நாளில் என்னிடம் ஒருவரும் வயது கேட்பதில்லை, ஏன் இன்னும் ஒன்றும் சரிவரவில்லை என்று கேட்பதில்லை. அதற்காகவே நான் வேலை செய்கிற பார்மசியில் மற்றவர்களோடு சண்டை பிடித்து அந்தச் சனிக்கிழமையை எடுத்து வைப்பேன்.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் ஆப்பு வந்தது. கல்யாணப் பேச்சுகளைக் கொண்டு திரிகிற அன்ரி ஒருவர் எங்களுக்கு இருக்கிறார். சிட்னியில் பரமட்டாப் பக்கம் இருக்கிற ஒரு குடும்பம் மெல்பேர்னுக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு வருகிறது, மகன் எஞ்சினியர், ஞாயிறு கல்யாணம், சனிக்கிழமை சும்மா இருக்கிறார்கள் என்று போன் எடுத்தார். நான் சனிக்கிழமை மலைக்குப் போகிறேன் என்று அம்மா சொல்ல, அன்ரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்தப் பெடியனும் ஸ்கீ செய்கிறவனாம். அப்படியென்றால் மலையிலேயே சந்திக்கட்டும், இயல்பாக இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். இதற்கு முதல் என்னைக் கோயிலில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், ஷொப்பிங் சென்ரர் சாப்பாட்டுக் கடையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தாய்மாரையும் கூட்டிக்கொண்டு பனிமலையில் இயல்பாகச் சந்திக்கிற யோசனை அந்த அன்ரிக்கு மட்டும்தான் வரும்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் எனக்கு முப்பத்திநாலு வயது. உயரம் ஐந்தடி பத்து அங்குலம். சாதகம் பொருந்தி, படிப்புப் பொருந்தி, எல்லாம் பொருந்தி வந்த இடங்களில் கடைசியில் உயரம் கூடிப்போச்சு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஏதோ நான் அளவு பார்க்காமல் வாங்கின அலுமாரி என்பதுபோல. இவன் என்னளவு உயரமாம். இதுவும் தட்டிப்போனால் இனி நான் ஒருவரிடமும் கேட்டுப் போக மாட்டேன், உன் பாடு என்று அம்மா சொல்லியிருந்தார். அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னார். எனக்கும் கல்யாணம் செய்ய விருப்பம்தான். அதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது ஒன்றும் விளங்காது.

அப்பாவுக்குக் குளிர் ஒத்துவராது என்று அவர் புத்தியாக வீட்டில் நின்றுகொண்டார். அம்மாவும் நானும் போனோம். மலையடிவாரத்து ஊரில் வாடகைக்கு உடுப்பும் சப்பாத்தும் கொடுக்கிற கடையில் எனக்கும் அம்மாவுக்கும் ஜக்கெற் எடுத்தோம். கடை முழுக்க ஒரே நிறம், கடும் நீலம். எனக்குச் சரியான நீளத்தில் கை உள்ள பெண்கள் ஜக்கெற் அங்கே இல்லை, ஆண்களுடையதைத் தந்தார்கள். அம்மா ஜக்கெற்றுக்கு மேலே தன் கம்பளிச் சால்வையைச் சுற்றி, குரங்குத் தொப்பியை இழுத்துவிட்டு, எனக்கு நெற்றியில் ஒரு பொட்டும் வைத்துவிட்டார். அதற்கு மேலே ஹெல்மெட் வரும், பனிக் கண்ணாடி வரும், அம்மா, ஒருவருக்கும் தெரியாது என்றேன். தெரியாவிட்டாலும் இருக்க வேணும் என்றார்.

மலையின் கார் நிறுத்துமிடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வானம் நீலமாக, ஓர் இலை ஆடாமல் இருந்தது. அப்படி ஒரு காலை ஒரு பருவத்தில் இரண்டு தரம் கிடைத்தால் பெரிய காரியம். நான் சப்பாத்தைக் கொழுவி, ஸ்கீயை எடுக்கக் கதவைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். ராகு காலம்.

முதல் முகம் பார்ப்பது ராகு காலத்தில் கூடாதாம். இது எங்கள் அம்மாவின் விசர் மட்டுமல்ல என்பது சற்று நேரத்தில் தெரிந்தது. நாலு கார் தள்ளி இன்னொரு கார் நின்றது. உள்ளே சால்வை சுற்றிய ஒரு தலையும், நீல ஜக்கெற் போட்ட ஒரு நீட்டு மனிசனும். அந்தச் சால்வைத் தலை எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு, பார்க்கக்கூடாததைப் பார்த்ததுபோல் உடனே மற்றப் பக்கம் திரும்பியது. அவர்களும் காத்திருக்கிறார்கள். இரண்டு குடும்பமும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்காகப் பாடுபட்டுக்கொண்டு, ஒரே கார் நிறுத்துமிடத்தில் குந்தியிருந்தோம். ஊர்ச்சனமெல்லாம் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. முதலில் மரக் கிளைகள் ஆடத் தொடங்கின. பிறகு மலையுச்சியை மேகம் வந்து மூடியது. ராகு காலம் முடிந்து நாங்கள் கதவைத் திறந்தபோது காற்று அந்தக் கதவை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.

இனிச் சுப நேரம் என்றார் அம்மா. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

அவனுடைய அம்மா கட்டையான, உருண்டையான மனிசி. முகம் பார்க்க வேணும், அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கு பிள்ளை என்று கேட்டார். தூக்கினேன். பனித்தூள் மணல்போல வந்து அடித்தது. கண்ணில் நீர், மூக்கிலும் நீர். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்து, நல்ல வடிவான பிள்ளை என்றார். பொட்டு ஹெல்மெட்டுக்குள்ளேயே இருந்தது.

அவனும் கண்ணாடியைத் தூக்கி ஹலோ சொன்னான். அந்த ஒரு வார்த்தையோடு நாங்கள் இருவரும் அவசரமாகக் கதிரை லிஃப்ற்றைப் பார்த்து நடந்தோம். தாய்மார் கீழே கோப்பிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்ப்பதாக ஏற்பாடு. காற்றினால் மேலே இருக்கிற லிஃப்றுகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். கீழ்ச் சரிவுக்கான ஒன்று மட்டும் ஓடியது, மலைக்கு வந்த சனம் முழுக்க அந்த ஒன்றின் வரிசையில். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். காலையில் என்ன மாதிரி இருந்தது தெரியுமா என்று அவன் கேட்டான். தெரியும், நாலு கார் தள்ளி இருந்து பார்த்தேன் என்றேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இறங்கும்போது சரிவின் ஒரு பக்கம் பனியே இல்லை, காற்று வழித்துவிட்டு வெறும் ஐஸ் பாளம். அதில் என் ஒரு ஸ்கீ கழன்று, நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். எனக்குக் கீழே போய்விட்ட அவன் நின்று, அந்த ஐஸில் பக்கவாட்டாக ஒவ்வொரு அடியாக ஏறி வந்து ஸ்கீயை எடுத்துத் தந்தான். அவசரப்படவில்லை, புத்தி சொல்லவில்லை, கையைப் பிடித்துத் தூக்க வரவும் இல்லை. நான் கொழுவி முடியும்வரை காற்று வருகிற பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. மிச்சச் சரிவை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம். அந்த ஒரு இறக்கத்துக்காக ஜக்கெற்றையும் ராகு காலத்தையும் மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

கீழே வந்தால் தாய்மார் இருவரும் கோப்பிக் கடைக்கு வெளியே நிற்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்து மேலே போய் ஒரு படம் எடுக்காமல் போவதா என்று. நடந்து வருகிறவர்களையும் அந்த லிஃப்றில் ஏற்றுவார்கள்தான். ஆனால் இந்தக் காற்றில் ஏறிப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை, எல்லாம் வெள்ளை, சொன்னால் நம்புங்கோ என்றேன். என் அம்மா, கண்ணால் பார்த்தால் தெரியும்தானே என்றார். இரண்டு தாய்மார் ஒன்று சேர்ந்துவிட்டால் தர்க்கம் எடுபடாது.

நானும் அவனும் மூக்குவரை துணியை ஏற்றிக் கட்டிக்கொள்ள, நாலு பேரும் வரிசையில் நின்றோம். கதிரையில் இரண்டு இரண்டு பேர். நெருக்கத்திலும் காற்றிலும் வரிசை கலைந்து முன்பின்னாகிவிட்டது. லிஃப்ற்காரப் பெண் கையைக் காட்டி, அடுத்தது அடுத்தது என்று கத்தினாள். என் பக்கத்தில் ஒரு சால்வை வந்து ஒட்டிக்கொண்டது. கதிரை வந்து இடிக்க, இருந்துவிட்டோம். கம்பியை இறக்கிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். சால்வைக்குள் இருந்தது என் அம்மா இல்லை. அவனுடைய அம்மா. என் அம்மா பின்னால் வருகிற கதிரையில் அவனோடு இருந்தார்.

அவர் என் நீல ஜக்கெற் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகனைக் கூப்பிடுவதுபோல, தம்பி, பயமாக் கிடக்கு என்றார். அன்ரி, நான் தம்பி இல்லை என்றேன். வாயை மூடிய துணிக்கு வெளியே அது வரவேயில்லை. வந்த மிச்சத்தையும் காற்று கொண்டுபோனது. அவருக்கும் காதுக்கு மேலே குரங்குத் தொப்பி, அதற்கு மேலே சால்வை, அதற்கு மேலே ஜக்கெற்றின் தொப்பி. அவர் பையில் கையை விட்டு, பொலித்தீனில் முறுக்கின ஆரஞ்சு நிறத் தோடம்பழ இனிப்பு ஒன்றை எடுத்து என் கையுறைக் கையில் வைத்தார். மலை ஏறக் காது அடைக்கும், வாயில் போடு என்றார். முகத்துணியைக் கழற்றாமல் அதை வாயில் போட வழியில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நடு வழியில் லிஃப்ற் நின்றது. காற்று கூடினால் நிறுத்துவார்கள். கதிரை ஊஞ்சலாகிவிட்டது. கீழே சரிவும் தெரியவில்லை, மேலே கம்பமும் தெரியவில்லை. இதில் இவருக்கு என்னை விளங்கப்படுத்துவது எப்படி, கண்ணாடியைத்தான் தூக்கிக் காட்ட வேண்டும் என்று கையைக் கொண்டு போனேன். அப்போது அவர் என் காதுக்கு அருகில் வந்து, காற்றை வெல்லுகிற சத்தத்தில் கதைக்கத் தொடங்கினார்.

“தம்பி, இப்பதான் நீ தனிய அகப்பட்டனீ. உண்மையைச் சொல்லு, அந்த வெள்ளைப் பிள்ளையை நீ விட்டிட்டியோ? விட்டனீயெண்டால் சரி. விடேல்லையெண்டால் இந்தப் பிள்ளைக்கு ஓம் எண்டு சொல்லாதை. எனக்காகச் சொல்லாதை. நான் அழுதனான்தான், சாப்பிடாமக் கிடந்தனான்தான். அது என்ரை விசர். நீங்கள் ரெண்டு பேரும் இறங்கி வரேக்கை இந்தப் பிள்ளை உன்னைப் பார்த்துச் சிரிச்சதை நான் கண்டனான். அவள் பாவமடா.”

என் கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. நான் தலையை ஆட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அவர் பதிலை எதிர்பார்க்கவும் இல்லை. சொல்ல இருந்ததைச் சொல்லிவிட்ட களைப்பில் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இடைக்கிடை என் கையைத் தேய்த்துவிட்டார். மகன் என்று நினைத்துத்தான் தேய்க்கிறார் என்று தெரிந்தும் எனக்கு அது இதமாக இருந்தது. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கண்ணாடிக்குள் நீராவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. முப்பத்திநாலு வருசமாக என்னுடைய உயரத்தால் எனக்கு எத்தனையோ கெடுதல் நடந்திருக்கிறது. என்னை ஒருவர் தன் மகன் என்று நினைத்து மனம் திறந்தது இதுதான் முதல் தரம்.

லிஃப்ற் மறுபடி ஓடி மேலே போனதும், லிஃப்ற்காரர்கள் அவரைத் தாங்கி இறக்கினார்கள். நடந்து வந்தவர்கள் உடனே அடுத்த கதிரையில் கீழே போகவேண்டும், இனி லிஃப்றைப் பூட்டப் போகிறோம் என்று சொல்வது கேட்டது. நான் நின்று பார்க்கவில்லை. நேரே சரிவில் இறங்கிவிட்டேன். முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை. காற்று முகத்துக்கு நேரே வந்து, இறங்குகிறவளைத் திருப்பி மேலே தள்ளப் பார்த்தது. பனி மரங்கள் நாலைந்து சேர்ந்து நிற்கிற இடத்தில் மறைவு கண்டு நின்றேன். அவன் பின்னாலேயே வந்து நின்றான். உங்கள் அம்மா கதிரையில் முழுக்கத் தேவாரம் பாடினா என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்புத்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சுற்றி வளைக்கிற பொறுமை என்னிடம் இருக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

“உங்களுக்கு இதில உண்மையா விருப்பமோ?”

அவன் ஸ்கீத் தடியால் பனியைக் குத்தினான்.

“அம்மாவுக்கு உங்களை நல்லாப் பிடிச்சிருக்கு” என்றான்.

நான் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் வேறு ஏதாவது சொல்லுவான் என்று காற்றுக்குள் காத்து நின்றேன், சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி அவன் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அவனை மரியாதையோடு விட்டிருப்பேன். கெட்டவன் இல்லை. பக்கவாட்டாக ஐஸில் ஏறி வரத் தெரிந்தவனுக்கு, தன் தாயிடம் ஒரு வசனம் சொல்லத் தெரியவில்லை. அதற்கு நான் கழுத்தை நீட்ட வேண்டுமாம்.

கோப்பிக் கடையில் நாலு பேரும் ஒரு மேசையில் இருந்தோம். ஹெல்மெட்டுகளைக் கழற்றியிருந்தோம். என் அம்மா பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை, கடையில் வாங்கின கோப்பிக் கோப்பைகளுக்கு மறைவாக ஊற்றிக் கொடுத்தார். அவருடைய பையிலிருந்து கட்லற்றும் வந்தது. இனி ஒரு முடிவு சொன்னால் அன்ரிக்குப் போன் எடுக்கலாம், நாளைக்குக் கல்யாண வீட்டிலேயே எல்லோரையும் கண்டு கதைக்கலாம் என்று அம்மா தொடங்கினார். அவர் குரலில் அவ்வளவு ஆசை. அவன் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு, தனக்கு ஓம் என்றான். அவனுடைய அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைப்பைக்குள் விட்டேன். தட்டுப்பட்டதை எடுத்து மேசையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். தோடம்பழ இனிப்பு. அவனுடைய அம்மா அதைப் பார்த்தார். பிறகு என் நீல ஜக்கெற்றைப் பார்த்தார். பிறகு மகனுடைய நீல ஜக்கெற்றைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கட்லற் அப்படியே நின்றது.

நான் சொன்னேன், “எனக்குச் சரிவராது அம்மா. இவருக்கு உயரம் காணாது.”

அம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. எத்தனை வீட்டில் கேட்டுக் கேட்டு அவர் காது புளித்துப்போன காரணம் அது. அதைத் தன் மகளே திருப்பிச் சொல்லுவாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். வேறு என்ன சொல்லியிருந்தாலும் ஏன் எதற்கு என்று துருவி, கடைசியில் அந்த மனிசி கதிரையில் சொன்னதில் போய் முடிந்திருக்கும். உயரத்துக்கு மட்டும்தான் எங்கள் ஆட்களிடம் எதிர்க்கேள்வி கிடையாது. அவனுடைய தோள்கள் இரண்டும் ஒரு அங்குலம் இறங்கின. அந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு எரிந்தது. கொஞ்சமாவது கவலைப்படுகிற மாதிரிக் காட்டியிருக்கலாம்.

கார் நிறுத்துமிடத்தில் அவனுடைய அம்மா என்னிடம் வந்தார். என்னை இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்தக் காற்றுக்குள் கனநேரம் நின்றார். அவருடைய தலை என் நெஞ்சளவுக்குத்தான் வந்தது. பிறகு இனிப்புப் பையை முழுதாக என் கையில் தந்துவிட்டு, மகனைப் பார்த்து, காரில் ஏறு, உன்னோட கதைக்கக் கிடக்கு என்றார்.

மலைப்பாதையில் இறங்கும்வரை அம்மா என்னைத் திட்டினார். உயரம் காணாதாமோ, ஐந்தடி பத்துக்கு மேலே நான் எங்கே போய்த் தேட, தென்னை மரத்தையே கட்டி வைக்க, அன்ரிக்கு நான் எந்த முகத்தோடு பதில் சொல்ல என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்று. நான் காரை ஓட்டினேன். எனக்குப் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியாது. அந்த மனிசி என்னிடம் சொன்னதல்லவே அது, தன் மகனிடம் சொன்னது. பிறகு அம்மாவின் சத்தம் குறைந்து, இல்லாமலே போய்விட்டது. திட்டிக் களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

காது அடைத்திருந்ததுதான் காரணம். பாதை சமதரைக்கு வரும் இடத்தில் ஒரு இனிப்பை எடுத்து வாயில் போட்டேன். காது திறந்தது. அம்மா பக்கத்தில் மெதுவாக மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். குரங்குத் தொப்பியை இன்னும் கழற்றவில்லை.

“காலமை நீ சிரிச்சுக்கொண்டு இறங்கி வந்ததைக் கண்ணாடியால பார்த்தனான்” என்றார். “சரி, இது சரிவந்திடும் எண்டு நினைச்சிட்டன்.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான் அம்மா” என்றேன்.